பயோடேட்டாவுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

(பள்ளிப்பட்டில் வேலை தேடும் இளைஞர்களும் ஒப்பந்தத் தொழிலாளர்களும் கூடியிருந்த ஒரு மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



பெரிய அரசியல் விஷயம் எதையும் எடுத்துக்கொண்டு நான் இன்று இங்கே வரவில்லை. ஒரே ஒரு காகிதத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதைப் பயோடேட்டா என்கிறோம். கொஞ்சம் கௌரவமாக ரெஸ்யூம் என்கிறோம். இந்தக் காகிதத்துக்கு என்ன விலை கொடுக்கலாம் என்பதுதான் கேள்வி. அற்பக் கேள்வி என்று யாராவது நினைத்தால் தயவு செய்து கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

சென்ற மாதம் நம் பக்கத்துப் பையன் ஒருவன் என்னிடம் வந்தான். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துத் தேறியவன். அப்பா இல்லை. அம்மா விசைத்தறிக்குப் போகிறார். கையில் பளபளப்பான இரண்டு பக்கக் காகிதம். ஓரத்தில் நீலப்பட்டை, மூலையில் போட்டோ, திறமைகளுக்கு எதிரே சினிமா விமர்சனம் மாதிரி நட்சத்திரங்கள். இதற்கு அவன் கொடுத்தது மூவாயிரம் ரூபாய். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? அவன் அம்மா தறிக்காரரிடம் முன்பணமாக வாங்கியது.

காகிதத்தைப் படித்துப் பார்த்தேன். முழுதும் இங்கிலீஷ். சவால் நிறைந்த பணியை விரும்புகிறவன் என்று முதல் வரி. கம்ப்யூட்டர் மெஷினுக்கு, அதாவது சி.என்.சி. மெஷினுக்கு, புரோகிராம் எழுதத் தெரிந்தவன் என்று ஐந்தாவது வரி. "தம்பி, உனக்கு அது தெரியுமா?" என்று கேட்டேன். "இல்லை அண்ணா, பயிற்சியின்போது பத்து நாள் அந்த மெஷின் பக்கத்தில் நின்றிருக்கிறேன். அவர்களே போட்டுவிட்டார்கள்" என்றான். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் இன்டர்வியூ. அதிகாரி இந்த ஐந்தாவது வரியைப் பார்த்துத்தான் கேள்வி கேட்டார். பையன் வாயடைத்து நின்றான். "பொய் எழுதிக் கொண்டு வருகிறாயா?" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பொய்யை எழுதியவன் காசை வாங்கிக் கொண்டான். அவமானத்தை வாங்கிக் கொண்டவன் நம் பையன்.

இவ்வளவுக்கும் பிறகு அவன் என்னிடம் கேட்ட கேள்வி என்ன தெரியுமா? "அண்ணா, சென்னையில் வேறு இடத்தில் ஐயாயிரம் கேட்கிறார்கள். அங்கே கொடுத்தால் வேலை கிடைக்குமா?"

இந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

மூன்று சரக்கு, ஒரே பெயர்

முதலில் கணக்குப் போடுவோம். புதிதாகச் சேரும் ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு ஐந்நூறு ரூபாய் கூலி என்று வைத்துக் கொள்வோம். மூவாயிரம் என்றால் ஆறு நாள் உழைப்பு. ஒரு வாரம் முழுதும் மெஷின் முன்னால் நின்ற வேர்வை அந்த நீலப்பட்டைக்குப் போயிற்று. ஐயாயிரம் என்றால் பத்து நாள். இன்னும் சேராத வேலைக்குப் பத்து நாள் கூலியை முன்கூட்டியே கட்டுகிறோம்!

பயோடேட்டா எழுதித் தருகிறோம் என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வேறு சரக்குகள் விற்கப்படுகின்றன. பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, தட்டச்சு வேலை. ஜெராக்ஸ் கடையிலோ கம்ப்யூட்டர் சென்டரிலோ உட்கார்ந்திருக்கிறாரே, அவரும் நம்மைப் போன்ற உழைப்பாளிதான். நாம் சொல்லுவதை அடித்து, திருத்தி, அச்செடுத்துத் தருகிறார். அவருக்குக் கூலி கொடுக்கத்தான் வேண்டும். பேரம் பேசி அவர் வயிற்றில் அடிக்க வேண்டாம். ஆனால் ஒரு பக்கக் காகிதம் எவ்வளவு நேர வேலை? ஒரு மணி நேரம். மிஞ்சினால் இரண்டு மணி நேரம். ஐ.டி.ஐ., டிப்ளமா, பட்டம் முடித்து முதல் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் அளவு இதுதான்: உங்களுக்குக் கிடைக்கப் போகும் கூலியில் அரை நாள் கூலி. அதற்குமேல் கேட்டால் வணக்கம் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டாவது, எழுத்து வேலை. பதினைந்து வருஷம் வேலை பார்த்த சூப்பர்வைசர் ஒருவர், நாலு கம்பெனி மாறிய இன்ஜினீயர் ஒருவர் இருக்கிறார். தம் அனுபவத்தை எப்படிச் சுருக்கிச் சொல்லுவது என்று அவருக்குத் தெரியவில்லை. எழுதத் தெரிந்த ஒருவர் எதிரே உட்கார்ந்து, கேள்வி கேட்டு, குறிப்பெடுத்து, இரண்டு மூன்று தடவை திருத்தி எழுதித் தருகிறார். இதுவும் உழைப்புத்தான்; இதற்கும் விலை உண்டு. அப்படிப்பட்டவர் தம்முடைய இரண்டு நாள் சம்பளத்தைக் கொடுத்தால் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று: எழுதுகிறவர் உங்களிடம் ஒரு மணி நேரமாவது பேசியிருக்க வேண்டும். பத்துக் கேள்வி கேட்காமல் காசை வாங்கிக் கொண்டு, முன்பே செய்து வைத்த அச்சில் உங்கள் பெயரை மட்டும் நுழைத்துத் தருகிறவர் எழுத்தாளர் அல்லர், அச்சு வியாபாரி. அவருக்குத் தட்டச்சுக் கூலியே அதிகம்.

மூன்றாவது, ஆசை வியாபாரம். "எங்களிடம் எழுதினால் நிச்சயம் இன்டர்வியூ. கம்பெனி ஹெச்.ஆர். நமக்குத் தெரிந்தவர். ரெஸ்யூமுக்கு இவ்வளவு, ரிஜிஸ்ட்ரேஷனுக்கு இவ்வளவு, டிரெய்னிங்குக்கு இவ்வளவு, யூனிஃபாரத்துக்கு இவ்வளவு." இதற்கு எவ்வளவு கொடுக்கலாம்? ஒரு நயா பைசாகூடக் கொடுக்கக் கூடாது! இங்கே விற்கப்படுவது காகிதம் அல்ல, வேலை. அல்லது, இல்லாத வேலை.

இன்னொரு பூச்சாண்டியும் காட்டுகிறார்கள். பெரிய கம்பெனிகளில் மனிதர் படிப்பதற்குமுன் கம்ப்யூட்டர் படிக்கிறது. அதற்குப் பிடித்த மாதிரி எழுத எங்களுக்கு மட்டுமே தெரியும் என்கிறார்கள். கம்ப்யூட்டர் வடிகட்டுகிறது என்பது வாஸ்தவம்தான். ஆனால் அதற்கு மந்திரம் ஒன்றும் தேவையில்லை. வேலை விளம்பரத்தில் என்ன வார்த்தை இருக்கிறதோ, அந்த வேலை உங்களுக்குத் தெரியுமானால், அதே வார்த்தையை எழுதுங்கள். நேர்கோட்டில், ஒரே பத்தியாக, கட்டமும் படமும் இல்லாமல் எழுதுங்கள். நீலப்பட்டையும் நட்சத்திரமும் போட்டால் மெஷின் சில சமயம் தடுமாறும். அதாவது, மூவாயிரம் ரூபாய்க் காகிதத்தைவிட எளிய காகிதமே அந்த மெஷினுக்கு நன்றாகப் புரியும்.

கூத்துக் கூட்டத்தில் எழுந்து நின்றவன்

"நல்ல பயோடேட்டா இருந்தால்தானே கூப்பிடுகிறான்? நீங்கள் காசு கொடுக்காதே என்கிறீர்களே?" என்று ஒரு தம்பி கேட்கலாம். நியாயமான கேள்வி. தப்பும் தவறுமாக, போன் நம்பர்கூட இல்லாமல் எழுதிய காகிதம் மூலைக்குப் போகும், மறுக்கவில்லை. ஒழுங்காக எழுத வேண்டும். ஆனால் யோசித்துப் பாருங்கள்.

நம் ஊர்ப்பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் கூத்து நடக்கிறது. எல்லோரும் தரையில் உட்கார்ந்து பார்க்கிறோம். முன்வரிசையில் ஒருவன் எழுந்து நிற்கிறான். அவனுக்கு நன்றாகத் தெரிகிறது. பின்னால் இருப்பவனும் எழுந்து நிற்க வேண்டியதாகிறது. கொஞ்ச நேரத்தில் கூட்டம் முழுதும் நிற்கிறது. இப்போது யாருக்கு நன்றாகத் தெரிகிறது? முன்பு தெரிந்த அளவுதான் தெரிகிறது. கால்தான் எல்லோருக்கும் வலிக்கிறது.

பத்து வேலைக்கு நூறு பேர் மனுப் போடுகிறார்கள். நூறு பேரும் மூவாயிரம் கொடுத்துப் பளபளப்பான காகிதம் வாங்கினால் மூன்று லட்சம் ரூபாய் கைமாறும். வேலை எத்தனை? அதே பத்து! தொண்ணூறு பேர் பழையபடி பஸ் ஏறித் திரும்பி வருவார்கள். காகிதம் மினுங்கினால் கம்பெனியில் ஒரு நாற்காலிகூட முளைக்காது. வேலை இல்லாமைக்குக் காரணம் உன் பயோடேட்டா சரியில்லை என்று சொல்லுவதே பெரிய மோசடி. குற்றத்தை இளைஞன் தலையில் வைத்துவிட்டு, அதற்குப் பரிகாரத்தையும் அவனுக்கே விற்கிறார்கள்.

இது நேற்று முளைத்ததல்ல

தோழர்களே, வேலை கேட்பவனிடமே காசு பிடுங்கும் வித்தை பழையது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நம் ஜனங்களைக் கங்காணிகள் கூட்டிக்கொண்டு போன காலத்தில் 'துண்டு' என்று ஒரு காகிதம் இருந்தது. இன்ன கடனைத் தீர்த்தால் இந்த ஆட்களை விட்டுவிடுகிறேன் என்று தோட்டத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. துண்டு இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. கங்காணி அதைக் கையில் வைத்துக் கொண்டு பேரம் பேசினான். தொழிலாளி தலையில் கடன் ஏறியது. 1921ஆம் ஆண்டில்தான் அந்த முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. தொழிலாளியைப் பற்றிய காகிதம் தொழிலாளியிடம் இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

இந்தியாவின் ஆலைகளில் ஜாபர், மேஸ்திரி என்று இருந்தார்கள். அவர்களுக்குக் கப்பம் கட்டாமல் வேலையில் சேரவும் முடியாது, நிலைக்கவும் முடியாது. வெள்ளைக்கார சர்க்கார் நியமித்த ராயல் லேபர் கமிஷனே 1931இல் வெளியிட்ட அறிக்கையில் இந்த லஞ்சத்தை எழுதி வைத்திருக்கிறது.

அமெரிக்காவில் மட்டும் என்ன வாழ்ந்தது? வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்போகேன் என்று ஒரு நகரம். மர வெட்டுக்கும் ரயில் பாதை வேலைக்கும் ஆள் பிடிக்கும் ஏஜென்சிகள் அங்கே தெருவில் வரிசையாகக் கடை போட்டிருந்தன. ஒரு டாலர் கட்டினால் ஒரு வேலைச் சீட்டு. வேலைக்குப் போனால் சில நாளில் போர்மன் விரட்டிவிடுவான். அடுத்த ஆளிடம் இன்னொரு டாலர். போர்மனுக்கும் ஏஜென்டுக்கும் பங்கு. வேலையை விலைக்கு வாங்காதீர்கள் என்று தொழிலாளர் தெருமுனையில் பேசினார்கள். நகரசபை தெருவில் பேசுவதையே தடை செய்தது. 1909 நவம்பரில் ஒருவர் பின் ஒருவராகப் பெட்டி மேல் ஏறிப் பேசிச் சிறை சென்றார்கள். நூற்றுக்கணக்கானோர் சிறையை நிரப்பினார்கள். எலிசபெத் கர்லி ஃப்ளின் என்ற பத்தொன்பது வயதுப் பெண், போலீஸ் இழுத்துப் போக முடியாதபடி தன்னை விளக்குக் கம்பத்தோடு சங்கிலியால் பிணைத்துக் கொண்டார். 1910 மார்ச்சில் நகரசபை இறங்கி வந்தது. 19 ஏஜென்சிகளின் லைசென்ஸ் ரத்தாயிற்று. 1914இல் அந்த மாநில மக்கள் வாக்களித்து, தொழிலாளியிடம் கட்டணம் வாங்குவதையே தடை செய்தார்கள். 1917இல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் அந்தச் சட்டத்தைச் செல்லாதது ஆக்கிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெற்றியும் நிற்பதில்லை, காவல் இருந்தால்தான் நிற்கும்.

இலவசமாகக் கிடைக்க வேண்டியது

வேலை தேடித் தரும் உதவி இலவசமாக இருக்க வேண்டும் என்பது நாம் மட்டும் சொல்லும் பேச்சல்ல. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் 1948ஆம் ஆண்டு உடன்பாடு, சர்க்கார் இலவச வேலைவாய்ப்புச் சேவை நடத்த வேண்டும் என்கிறது. இந்தியா 1959இல் அதை ஏற்றுக்கொண்டது. தனியார் ஏஜென்சிகள் தொழிலாளியிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக் கூடாது என்பது 1997ஆம் ஆண்டு உடன்பாட்டின் பொது விதி. இதை இந்தியா ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை என்று நாம் கேட்க வேண்டும்.

நம் நாட்டில் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் 1945இல் தொடங்கின. யுத்தம் முடிந்து திரும்பிய சிப்பாய்களுக்காக ஆரம்பித்து, பிறகு எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். 1959ஆம் ஆண்டுச் சட்டம், இருபத்தைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் ஸ்தாபனமும் காலியிடத்தை அந்த அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. ஆனால் அங்கிருந்துதான் ஆள் எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை! அந்த ஒரு ஓட்டை வழியாகத்தான் புரோக்கர் உள்ளே வந்தான். அந்தச் சட்டமும் இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது.

இருந்தாலும், இருப்பதைப் பயன்படுத்துங்கள். திருவள்ளூரில் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் இருக்கிறது. மத்திய சர்க்காரின் தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளம் 2015இலும், தமிழ்நாட்டின் தனியார்துறை வேலைவாய்ப்பு இணையதளம் 2020இலும் தொடங்கப்பட்டன. இவற்றில் பதிவு செய்யக் கட்டணம் இல்லை. பயோடேட்டாவில் கேட்கும் விவரங்களைத்தான் அங்கேயும் கேட்கிறார்கள். பள்ளிப்பட்டிலிருந்து திருவள்ளூருக்குப் பஸ் கட்டணம் கொடுத்துப் போவது ஒன்றுதான் செலவு.

உண்மையான பயோடேட்டா யார் கையில்?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பத்து வருஷம் வேலை பார்த்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் அனுபவத்துக்கு என்ன ஆதாரம்? பெரிய கம்பெனி வாசலில் நுழைந்தீர்கள். அதன் மெஷினை ஓட்டினீர்கள். அதன் சரக்கைச் செய்தீர்கள். ஆனால் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்தால் அந்தக் கம்பெனியின் பெயர் இல்லை. முதல் இரண்டு வருஷம் ஒரு கான்ட்ராக்டர், அப்புறம் ஆறு மாதம் வெறுமை, அப்புறம் வேறொரு கான்ட்ராக்டர். மெஷின் அதே மெஷின், மனிதன் அதே மனிதன். காகிதத்தில் வேறு வேறு முதலாளி! இந்தப் பத்து வருஷத்தை எந்த ரெஸ்யூம் எழுத்தாளர் எழுதித் தர முடியும்? ஐயாயிரம் அல்ல, ஐம்பதாயிரம் கொடுத்தாலும் முடியாது.

ஆகவே சொல்லுகிறேன்: தொழிலாளியின் அசல் பயோடேட்டா, நியமன உத்தரவு, சம்பளச் சீட்டு, பி.எஃப். பாஸ்புக், ஈ.எஸ்.ஐ. எண், அனுபவச் சான்று ஆகியவைதான். இவற்றைக் காசுக்கு வாங்க வேண்டியதில்லை. நம் உழைப்பால் ஏற்கெனவே விலை கொடுத்தாகிவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொகுப்புச் சட்டங்களைப் பற்றி நமக்கு ஆயிரம் புகார் உண்டு. ஆனாலும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்று அவற்றிலும் எழுதப்பட்டிருக்கிறது. எழுதியதைக் கொடு என்று கேளுங்கள்!

இந்தக் காகிதங்கள் அடுத்த வேலைக்கு மட்டுமல்ல, இருக்கும் வேலைக்கும் ஆயுதம். 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்பது 1981ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம். அந்த 480 நாளை எதைக் காட்டி நிரூபிப்பீர்கள்? நீலப்பட்டைக் காகிதத்தைக் காட்டியா? சம்பளச் சீட்டையும் பாஸ்புக்கையும் காட்டித்தான். அதனால்தான் அவற்றைத் தராமல் இழுத்தடிக்கிறார்கள்.

செய்ய வேண்டியவை

போகும்முன் சில காரியங்களை மனதில் பதித்துக் கொள்ளுங்கள்.

ஒன்று: காகிதம் ஒரு பக்கம் போதும். பெயர், ஊர், போன், படித்த தொழிற்பிரிவு, தேறிய வருஷம், கையாண்ட மெஷின், செய்த வேலை, செய்த மாதங்கள். தெரிந்ததை எழுதுங்கள், தெரியாததை ஒரு வரிகூட எழுதவிடாதீர்கள்.

இரண்டு: ஆதார் எண், பேங்க் கணக்கு, சாதி, மதம் இவை பயோடேட்டாவில் வேண்டாம். அசல் சான்றிதழை யார் கேட்டாலும் பார்க்கக் கொடுங்கள்; வைத்துக் கொள்ளக் கொடுக்காதீர்கள்.

மூன்று: இ-மெயில் உங்கள் போன் நம்பரில் திறக்கப்பட வேண்டும். கடைக்காரர் நம்பரில் திறந்தால் இன்டர்வியூக் கடிதம் அவரிடம் போகும். நீங்கள் அவர் வாசலில் காத்து நிற்பீர்கள். அடித்த பயோடேட்டாவைத் திருத்தக்கூடிய வடிவில் கேட்டு வாங்குங்கள். ஒரு தடவைதான் கூலி. ஒவ்வொரு திருத்தத்துக்கும் கப்பம் கிடையாது.

நாலு: கூலியை முன்கூட்டியே பேசுங்கள். ரசீது கேளுங்கள். வேலை நிச்சயம் என்று ஒருவர் சொன்ன மறுகணமே பர்ஸை மூடுங்கள்.

ஐந்து: மாதாமாதம் பி.எஃப். பாஸ்புக்கைப் பாருங்கள். ஒரு மாதம் விட்டுப் போயிருந்தால் அன்றே கேளுங்கள். தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் பத்துப் பேராகச் சேர்ந்து கேளுங்கள்.

ஆறு: ஊரில் படித்த பிள்ளைகள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், தொழிற்சங்கத் தோழர்கள் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் இருபது பேருக்கு எழுதிக் கொடுக்கலாம். நூலகத்தில் ஒரு மேஜை போதும். அந்தக் காலத்தில் எழுதத் தெரிந்தவர் தெருவுக்கே கடுதாசி எழுதிக் கொடுத்தார், காசா கேட்டார்?

அந்தப் பையன் கதையை முடிக்கவில்லை. அன்று சாயந்தரம் அவனும் நானும் திண்ணையில் உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம் கேள்வி கேட்டேன். படிக்கும் காலத்திலேயே லீவு நாட்களில் தறிக்கொட்டகையில் பழுதான மெஷின்களைச் சரி செய்திருக்கிறான். மூவாயிரம் ரூபாய்க் காகிதத்தில் இது இல்லை! யாரும் அவனைக் கேட்கவில்லை. அதை எழுதினோம். சி.என்.சி. வரியை அடித்தோம். சென்டரில் கொடுத்து அடித்து, அந்தத் தங்கைக்கு அவள் கேட்ட கூலியைக் கொடுத்தோம். இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது.

வேலை கிடைத்ததா என்று கேட்கிறீர்கள். இன்னும் கிடைக்கவில்லை. பொய் சொல்ல நான் வரவில்லை. ஆனால் இப்போது அந்தக் காகிதத்தில் உள்ள எந்த வரியைக் கேட்டாலும் அவன் தலை நிமிர்ந்து பதில் சொல்லுவான். அவன் அம்மாவின் முன்பணத்தில் இன்னொரு ஐயாயிரம் ஏறவில்லை. மீதியை, அதாவது வேலையை, அவன் தனியாகத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது; நாம் எல்லோரும் சேர்ந்துதான் கேட்டு வாங்க வேண்டும்.

எழுத்துக்குக் கூலி கொடுங்கள். ஆசைக்கு விலை கொடுக்காதீர்கள். உழைப்புக்கு உள்ள காகிதத்தைக் கேட்டு வாங்குங்கள்!